காணொளியும் கற்போனும்: மொழி கற்றலில் தன்வழி காணல் பற்றிய ஒரு நோக்கு

1

மொழி கற்றல் என்பது ஆசிரியர் ஒருவரின் முன்னிலையில், நூலொன்றின் துணையுடன், வகுப்பறையினுள் நிகழ்வது என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அக்கருத்து இன்று ஆட்டங் கண்டுவிட்டது. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய யூரியூப் என்னும் காணொளித் தளமும் அதனைப் பின்பற்றி எழுந்த ஏனைய தளங்களும், உலகின் எம்மொழியையும் எவரும் எவ்விடத்திருந்தும் கேட்கலாம் என்ற நிலையைத் தோற்றுவித்துள்ளன. திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்த கப்பல்துறைப் பகுதியிலே வாழும் தமிழ் இளைஞன் ஒருவன் இன்று சிங்களம் கற்க விழைவானாயின், அவனுக்கு முதலிற் கிட்டும் ஆசிரியர் அவனது கையடக்கத் தொலைபேசியே. அவ்வாசிரியர் வேதனம் கேட்பதில்லை, சினப்பதில்லை, நூறு முறை வினவினும் சலிப்பதில்லை. ஆயின் கற்போன் பிழைபடப் பேசினால் அவர் திருத்துவதுமில்லை.

காணொளியாற் கற்றல் பற்றி இருவகைக் கருத்துக்கள் பரவலாக உள்ளன. ஒன்று, முப்பது நாட்களில் மொழியொன்றைக் கற்பிக்கும் அற்புதம் அது என்பது. மற்றது, சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்பது. இவை இரண்டும் காணொளியைப் பற்றிப் பேசுகின்றனவேயன்றிக் கற்போனைப் பற்றிப் பேசவில்லை. ஒரே காணொளியைக் கண்ட இருவரில் ஒருவன் பேசப் பழகுகிறான். மற்றவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை ஆராய்வதும், கற்போன் தனக்குரிய வழியைத் தானே வகுத்துக்கொள்வது எவ்வாறு என்பதை நோக்குவதும் இக்கட்டுரையின் கருத்தாகும். சிங்களம் கற்கும் தமிழரின் நிலையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இந்நாட்டிலே மொழி என்பது இலக்கணப் பொருள் மட்டுமன்று. கந்தோரிலும் நீதிமன்றிலும் மருத்துவமனையிலும் ஒருவரின் மதிப்பைத் தீர்மானிக்கும் பொருளுமாகும். எனவே இவ்வாராய்ச்சி வெறும் கல்விமுறைபற்றிய ஒன்றாக அமைந்துவிட முடியாது.

2

செவிவழிக் கற்றல் துறைமுக மக்களுக்குப் புதியதன்று. திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1639ஆம் ஆண்டிலும், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டிலும் இதனைக் கைப்பற்றினர். ஆங்கிலேயக் கடற்படைத்தளம் 1957ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. இத்தகைய துறைமுகமொன்றிலே கப்பல்தோறும் மொழிகளும் வந்திறங்குவது இயல்பு. சுமை இறக்குவோரும் சிறுவணிகரும் அவற்றை இலக்கண நூல்வழிக் கற்பதில்லை. தேவை கருதிக் கேட்டு, பிழைபடப் பேசி, நகைப்புக்கு ஆளாகி, மீண்டும் பேசியே கற்றுக்கொள்கின்றனர். போர்த்துக்கேயர் ஆட்சி மறைந்து மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், போர்த்துக்கேயக் கலப்புமொழியொன்று மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் எஞ்சி நிற்பது இவ்வாறான செவிவழி மரபின் வன்மையைக் காட்டுவதாகும்.

நூலறிவுடையோரும் இவ்வழியை இகழ்ந்திலர். 1706ஆம் ஆண்டிலே தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமக்குத் தெரிந்த மொழியொன்றில் எழுதப்பெற்ற தமிழிலக்கணம் எதுவும் கையில் இல்லாத நிலையில், திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் சிறுவர்களோடு சிறுவராக அமர்ந்து மணலிலே எழுத்தெழுதிப் பழகினார். பின்னர் ஏடுகளைப் படிக்கக் கேட்டும், தாமே திரும்பத் திரும்பப் படித்தும், சொற்பட்டியல்கள் தொகுத்தும் முன்னேறினார். பத்தாண்டுகளின் பின் 1716ஆம் ஆண்டிலே அவரது தமிழிலக்கண நூல் ஜேர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. அவர் பிறர் வகுத்த முறையொன்றைத் தேடிக் காத்திருக்கவில்லை. தம் நோக்கத்துக்கு ஏற்ற முறையைத் தாமே ஆக்கிக்கொண்டார். தன்வழி காணல் என ஈண்டுச் சுட்டப்படுவது இதுவே. எனினும், அவரைச் சுற்றித் தமிழ் பேசும் மனிதர் எந்நேரமும் இருந்தனர் என்பதும் மறக்கற்பாலதன்று.

இயந்திரங்கள் பின்னரே வந்தன. ஒலிப்பதிவுத் தட்டுகளும், 1943ஆம் ஆண்டிலே பிபிசி தொடங்கிய வானொலி ஆங்கிலப் பாடங்களும், பின்னர் பல்கலைக்கழகங்களில் அமைந்த மொழி ஆய்வுகூடங்களும் காணொளிக்கு முன்னோடிகள். ஒவ்வொரு புதிய கருவியும் ஆசிரியரை அகற்றிவிடும் எனக் கூறப்பட்டது. எதுவும் அகற்றவில்லை.

3

தமிழருக்குச் சிங்களம் கற்பிக்கும் காணொளிகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது வகை, பலகையொன்றின் முன் நின்று தமிழிலே விளக்கிப் பாடம் நடத்துவது. இரண்டாவது வகை, சந்தையிற் பேசுவது, பேருந்திற் பேசுவது என வாக்கியங்களை நிரையாகத் தந்து மனனஞ் செய்விப்பது. மூன்றாவது வகை, கற்பித்தலை நோக்கமாகக் கொள்ளாது சிங்களவர் சிங்களவருக்காக ஆக்கிய நாடகம், சமையல், பயணம், செய்தி முதலியன. இம்மூன்றுக்கும் வெவ்வேறு பயனும் வெவ்வேறு குறையும் உண்டு.

முதலாம் வகையின் பெரும்பயன், தமிழனுக்குச் சிங்களம் அந்நியமானதன்று என்பதை அது விரைவில் உணர்த்துவதாகும். குடும்ப வரலாற்றால் ஒன்று திராவிட மொழி, மற்றது இந்தோ ஆரிய மொழி. ஆயினும் இரண்டிலும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பதே வாக்கிய ஒழுங்கு. ‘எனக்கு விளங்குகிறது’ என்று தமிழன் நான்காம் வேற்றுமையிற் கூறுவதைச் சிங்களவரும் ‘மட்ட தேரெனவா’ என அவ்வேற்றுமையிலேயே கூறுவர். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் ‘என்று’ ஆற்றும் பணியை ‘எனவா கியலா கிவ்வா’ என்பதில் ‘கியலா’ ஆற்றுகிறது. இரண்டும் சொல்லுதற் பொருள் தரும் வினையடியாகப் பிறந்த எச்சங்களே. ஆங்கிலத்தின்வழிச் சிங்களம் கற்கும் ஐரோப்பியனுக்கு மலையாகத் தோன்றும் இவை தமிழனுக்கு முற்றத்து மணலாகும். பேச்சுச் சிங்களத்தில் வினை, திணை பால் எண் இடம் காட்டாது: ‘மம யனவா’, ‘அபி யனவா’, ‘எயா யனவா’ என யாவர்க்கும் ஒரே வடிவம். நான், நாங்கள், அவர் என்பவற்றுக்கு ஏற்ப வினைமுற்றை மாற்றிப் பழகிய தமிழனுக்கு இது பெரும் எளிமையே.

எனினும் இவ்வகைக் காணொளிகளுட் பல, சிங்களச் சொற்களைத் தமிழெழுத்திலே திரையில் எழுதிக் காட்டுகின்றன. இது கற்போனுக்குச் செய்யும் உதவியெனத் தோன்றினும் உண்மையிற் பெருந்தீங்காகும். தமிழெழுத்து வல்லினத்தின் ஒலிப்புடைமையை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. சிங்களத்திலே ‘கை’ எனப் பொருள்படும் சொல்லும் ‘இன்று’ எனப் பொருள்படும் சொல்லும் தமிழில் எழுதப்படுமிடத்து இரண்டும் ‘அத’ என்றே அமையும். முன்னதில் வருவது ஒலிப்பிலாத் தகரம். பின்னதில் வருவது ஒலிப்புடைத் தகரம். மரத்தின் அடியைக் குறிக்கும் சொல்லும் மலையைக் குறிக்கும் சொல்லும் ‘கந்த’ என்றே எழுதப்படும். ஆயின் முன்னதில் மெல்லொலி அரைகுறையாய் ஒட்டி ஒலிக்கும். பின்னதில் முழுமையாய் ஒலிக்கும். கண்ணால் தமிழெழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பவனின் செவி, தான் பார்த்ததையே கேட்கிறது. சிங்கள எழுத்துக்களை முதலிலேயே கற்றுக்கொள்ளும் மாணவன் சில வார உழைப்பால் இவ்விடரினின்றும் நீங்குவான். தமிழைப் போன்று சிங்கள எழுத்தும் பிராமி வழிவந்ததாகலின், உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாக அமைந்த அதன் ஒழுங்கு அவனுக்குப் புதுமையாயிராது.

இரண்டாம் வகையின் குறை வேறு. வாக்கியங்களை மனனஞ் செய்தவன், அவ்வாக்கியத்துக்கு எதிர்பார்த்த விடை வரும்வரைதான் பேசவல்லவன். மேலும் யார் யாரிடம் பேசுகிறார் என்பதை இவை பெரும்பாலும் கூறுவதில்லை. ‘ஒயா’ என்னும் முன்னிலைப் பெயர் ஒத்தாரிடத்தும் நெருங்கியோரிடத்தும் வழங்குவது. கந்தோரிலே மூத்த உத்தியோகத்தர் ஒருவரை அவ்வாறு விளிப்பவன், ‘நீர்’ என்று சொல்லவேண்டாவிடத்து ‘நீர்’ என்று சொன்னவனுக்கு ஒப்பாவான். சிங்களவர் அவ்விடத்து ‘மஹத்தயா’ போன்ற விளிப்பெயர்களைக் கையாண்டு முன்னிலைப் பெயரையே தவிர்ப்பர். உறவுமுறைச் சொற்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. சிங்களத்தில் ‘தாத்தா’ என்பவர் தந்தை. ‘ஐயா’ என்பவர் தமையன். ‘மல்லி’ என்பவன் தம்பி. ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கும் இச்சொற்களைப் பட்டியல் பார்த்துக் கற்பதினும், ஒரு குடும்பம் கூடியிருந்து பேசும் நாடகக் காட்சியொன்றினைப் பார்த்துக் கற்பது எளிது.

மூன்றாம் வகையே மெய்யான மொழியைத் தருவது. ஆயின் இங்கு இரட்டை வழக்குச் சிக்கல் எழுகின்றது. ஒரே சமுதாயத்தில் பேச்சுக்கொரு வழக்கும் எழுத்துக்கொரு வழக்கும் நிலவும் நிலையைச் சார்ல்ஸ் பேர்குசன் 1959ஆம் ஆண்டிலே விளக்கினார். சிங்களத்துக்கு அது பொருந்துமாற்றை ஜேம்ஸ் கெயர் 1968ஆம் ஆண்டிலே ஆராய்ந்தார். பேச்சில் ‘மம யனவா’ எனப்படுவது எழுத்திலே ‘மம யமி’ எனவும், ‘அபி யனவா’ என்பது ‘அபி யமு’ எனவும் ஆகும். நாடகங்களை மட்டும் பார்த்துப் பேசப் பழகியவன் அரசாங்கப் படிவமொன்றையோ கடிதமொன்றையோ எடுத்து நோக்குங்கால், தான் கற்றது இம்மொழிதானா எனத் திகைப்பான். செய்தியை மட்டும் கேட்டுப் பழகியவன் சந்தையிலே மேடைப்பேச்சுப் பேசுவான். தமிழனுக்கு இந்நிலை விளங்காததன்று. வீட்டிலே ஒரு தமிழும் ஏட்டிலே ஒரு தமிழுமாக வளர்ந்தவனே அவன். ஆயினும் எதனை எதற்காகக் கற்கிறோம் என்ற தெளிவு இல்லாதவனுக்கு அப்பட்டறிவும் உதவாது.

4

காணொளிகளை ஆராய்ந்தபின் கற்போனை ஆராய்தல் வேண்டும். இதற்கு நவீன ஆய்வுகளுக்கு முன்னரே தமிழில் உரைகல்லொன்று உளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்ததெனக் கொள்ளப்படும் பவணந்தியாரின் நன்னூல், பொதுப்பாயிரத்திலே மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமை காட்டி வகுத்துள்ளது. காணொளி காண்போரிடையே இவ்வகைகள் அனைத்தும் இன்றும் உள்ளன. ஒரு செடியிலும் நிலைகொள்ளாது நுனி கடித்துச் செல்லும் ஆட்டைப் போல, ஒரு பாடத்தின் மூன்று நிமிடத்தையும் மற்றொன்றின் இரண்டு நிமிடத்தையும் பார்த்துத் தாவுவோரே மிகப் பலர். திரையின் ஓரத்தில் அடுத்த காணொளியை ஓயாது காட்டிக்கொண்டிருக்கும் இத்தளங்களின் அமைப்பே மாணாக்கனை ஆடாக்கும் இயல்பினது. சொல்லிக் கொடுத்ததையன்றி வேறொன்றும் சொல்லமாட்டாத கிளிகள், வாக்கியப் பட்டியலை மனனஞ் செய்வோர். நல்லதைக் கீழே விட்டுச் சக்கையைப் பற்றும் நெய்யரிக்கு ஒப்பானவர், நகைச்சுவையும் வசைச்சொல்லும் மட்டும் கற்றுக்கொள்வோர். பசுவோ, புல் நிறைந்த ஓரிடத்தே நிறைய மேய்ந்து, பின் ஒதுங்கியிருந்து அசைபோடுவது. காணொளி மாணவன் ஆகவேண்டுவது பசுவே.

அசைபோடுதல் என்பது யாது? ஒரு நூலை ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை குறையும் என்றும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கவல்லவனாவான் என்றும் நன்னூல் கூறுகிறது. மனித ஆசிரியரிடம் மூன்றாம் முறை கேட்கக் கூசும் மாணவன், காணொளியிடம் முப்பது முறையும் கேட்கலாம். வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். ஏனைய கருவிகளுக்கில்லாத தனிச்சிறப்பு இதுவேயாகும். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை வாரமொன்றில் இருபது முறை கேட்பவன், அறுபது நிமிடங்கள் அறுபது காட்சிகளைப் பார்த்தவனிலும் மிகுதியாகக் கற்பான். இடைவெளி விட்டு மீளக் கற்பது நினைவை உறுதிப்படுத்தும் என்பதை எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டிலே தம்மையே சோதித்து நிறுவினார்.

ஆயின் நன்னூலார் இன்னொன்றும் கூறியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை எத்துணை நன்றாகக் கொண்டாலும் அது புலமையில் காற்பங்கே. உடன் கற்போரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிறையும். இக்கணக்கைக் கொண்டு பார்க்குமிடத்துக் காணொளியின் எல்லை தெளிவாகப் புலப்படுகிறது. அது எவ்வளவு சிறந்ததாயினும் அந்த முதற் காற்பங்கைத் தாண்ட இயலாதது.

நவீன மொழியியலாரும் நெடிய விவாதத்தின் பின் இவ்விடத்துக்கே வந்து சேர்ந்துள்ளனர். விளங்கக்கூடிய மொழியைத் தொடர்ந்து கேட்டலே மொழி பெறுவதற்குப் போதுமான வழி என ஸ்ரீபன் கிறஷென் 1982ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலே வாதித்தார். காணொளியாற் கற்போர் பலரும் பெயரறியாமலே பின்பற்றுவது இக்கொள்கையையே. ஆயின் கனடாவிலே பிரெஞ்சு மொழிமூலம் கல்வி பயின்ற ஆங்கிலச் சிறுவரை ஆராய்ந்த மெரில் சுவெயின், அவர்கள் பல ஆண்டுகள் பிரெஞ்சு கேட்டு நன்கு விளங்கிக்கொண்டபோதிலும் பேச்சிலும் எழுத்திலும் பிழை மலிந்திருந்ததைக் கண்டு, பேசுதலும் எழுதுதலும் இன்றியமையாதவை என 1985ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தார். பிரேசில் நாட்டில் ஐந்து மாத காலம் போர்த்துக்கேயம் கற்ற றிச்சட் ஷிமிற் என்னும் அறிஞர், தமது நாட்குறிப்பையும் தமது பேச்சின் ஒலிப்பதிவையும் ஒப்பிட்டு, காதில் விழுந்தவையெல்லாம் தம் வாயில் வரவில்லை, கவனித்துக் குறித்தவையே வந்தன என 1986ஆம் ஆண்டிலே பிறிதோர் ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். வோஷிங்ரன் பல்கலைக்கழகத்துப் பற்றீசியா கூலும் குழுவினரும் 2003ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒன்பது மாதக் குழந்தைகளோடு நேரில் விளையாடிச் சீனமொழி பேசியபோது அவர்கள் அம்மொழியின் ஒலிவேறுபாடுகளை உணர்ந்தனர். அதே பேச்சைத் தொலைக்காட்சியிற் கண்ட குழந்தைகளோ எதையும் கற்றிலர். குழந்தைகளுக்கு நேர்ந்தது வளர்ந்தோர்க்கும் அப்படியே பொருந்தும் என்பதற்கில்லை. எனினும் மனிதனின் முகம் செய்யும் பணியொன்றைத் திரை செய்வதில்லை என்பது மனங்கொளத்தக்கது.

5

தன்வழி காணல் என்பது, இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு கற்போன் தன் நோக்கம், தன் நேரம், தன் சூழல் ஆகியவற்றை அளந்து ஒழுங்கொன்றை அமைத்துக்கொள்வதேயாகும். அரசாங்கத் தேர்வுக்குக் கற்பவனின் வழியும், அயலவருடன் பேசக் கற்பவனின் வழியும் ஒன்றாக இருத்தல் இயலாது. முன்னவனுக்கு எழுத்து வழக்கும், பின்னவனுக்கு நாடகமும் சமையற் காட்சியும் முதன்மையானவை. எனினும் எவ்வழியிலும் சில படிகள் பொதுவாக அமையும். எழுத்தை முதலிற் கற்றல். சிறு காட்சியொன்றைத் தெரிந்து எழுத்துத் துணையின்றிப் பலமுறை கேட்டல். கேட்டதைச் சிங்கள எழுத்திலே எழுதிப் பார்த்தல். பேசுவோருடன் ஒத்து வாய்விட்டுச் சொல்லுதல். தன் குரலைப் பதிந்து ஒப்பிடுதல். அந்த வாரம் முடிவதற்குள் கற்ற வாக்கியமொன்றையேனும் மனிதர் ஒருவரிடம் பேசுதல். இறுதிப் படியே மிகக் கடினமானது. பலர் நின்றுவிடுவதும் அதன் வாயிலிலேயே. காணொளியின் முன் எவரும் நாணுவதில்லை. ஆனால் நாணத்தைக் கடக்காமல் எவரும் மொழியைப் பெற்றதுமில்லை.

இவ்விடத்திலே, தவிர்க்க முடியாத வினாவொன்று எழுகிறது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதன் வடு இன்னும் ஆறவில்லை. அத்தகைய நாட்டிலே தமிழ் இளைஞன் தானாகவே சிங்களம் கற்பது அச்சட்டத்துக்குப் பணிவதாகாதா எனக் கேட்போர் உளர். இவ்வினா இகழ்ந்து ஒதுக்கத்தக்கதன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சேவையிற் சேரும் உத்தியோகத்தர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறுதல் வேண்டுமெனப் பொது நிருவாகச் சுற்றறிக்கை 07/2007 விதித்தது. எழுத்தில் உள்ள உரிமை நடைமுறையில் முழுதும் நிறைவேறவில்லை என்பதை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லும் முறைப்பாடுகளே காட்டும். தமிழிலே விடை பெறுதல் தமிழனின் உரிமை. அவன் சிங்களம் அறிவான் என்பதனால் அவ்வுரிமை குறைந்துவிடாது, குறைக்கப்படவும் கூடாது.

ஆயின் கட்டாயத்தால் திணிக்கப்படுவதும் தானே தெரிந்து கற்பதும் ஒன்றல்ல. தன்வழியாற் கற்பவன் எதை, எப்போது, எதற்காகக் கற்பது என்பதைத் தானே தீர்மானிக்கிறான். மருத்துவமனையிலே தாய்க்கு நேர்ந்த நோயைத் தானே எடுத்துச் சொல்லவும், தன்னைப் பற்றித் தன் முன்னிலையிற் பேசப்படுவதை விளங்கிக்கொள்ளவும் வல்லவன், வல்லமை பெற்றவனேயன்றிப் பணிந்தவனல்லன். அதேவேளை இச்சுமை தமிழர் தோளில் மட்டும் ஏற்றப்படுமாயின் அது நீதியாகாது. சிங்கள மாணவர் தமிழ் கற்பதற்கும் காணொளிகள் உள்ளன. தமிழின் இரட்டை வழக்கை அவர்க்கு எளிதாக்கும் நல்ல பாடங்களை ஆக்கித் தருவது தமிழ் மாணவர் ஏற்கத்தக்க பணியாகும். கற்றதன் அரைப்பங்கு பிறர்க்கு உரைப்பதால் நிறையும் என்ற நன்னூற் கணக்கு அங்கும் பொருந்தும். சிங்களம் கற்கும் தமிழ் மாணவனும் தமிழ் கற்கும் சிங்கள மாணவனும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராயின், இருவர்க்கும் எஞ்சிய முக்காற்பங்கு ஒருங்கே கிட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் திருகோணமலையில் இதற்குரிய வாய்ப்புத் தெருவின் மறுபக்கத்திலேயே உள்ளது.

முன்னர்ச் சுட்டிய போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பேசுவோர் இன்று மிகச் சிலரே. அதன் பேச்சையும் பாடலையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோவும் அவருடன் பணியாற்றியோரும் அண்மைக் காலத்தில் ஒலியும் ஒளியுமாகப் பதிந்து வைத்துள்ளனர். அப்பதிவுகள் போற்றத்தக்கன. ஆயினும் நாளை அம்மொழி வாழுமாயின், அது பதிவுகளில் இருப்பதனால் அன்று, ஒரு தாய் தன் பிள்ளையோடு அதிற் பேசுவதனாலேயே வாழும். மொழி கற்போனுக்கும் இதுவே பாடம். காணொளி அவனைத் துறைவரை அழைத்துச் செல்லும். கடலில் இறங்க வேண்டியவன் அவனே.